சார்பெழுத்து

உள்ளே இருக்கும்வரை
விசா முத்திரை செத்துப்போனது ஒரு பொருட்டே இல்லை.
மினசோட்டாவில், ஏரியைப் பார்த்த இரண்டாம் மாடியில்,
இரண்டு பனிக்காலம் அது அலமாரியில் செத்தே கிடந்தது.
ஒருவரும் கேட்கவில்லை.
வெளியிலிருந்து திறக்க மட்டுமே
சாவி கேட்கும் கதவு அது.
தங்கையின் கல்யாணத்துக்குத் தப்ரீஸ் வந்து,
அரிசிச் சோறும் நடனமும் முடிந்து,
பெட்டியைக் கட்டும்போதுதான்
சியாவஷுக்கு அந்தக் கதவு நெஞ்சில் இடித்தது.

தப்ரீஸில் தூதரகம் இல்லை.
தெஹ்ரானிலும் இல்லை.
ஆகையால் யெரெவான்.
அராஸ் ஆற்றுப் பாலத்தை இரவில் கடந்தபோது
கோப்பை மடியில் வைத்திருந்தான், தூங்கும் பிள்ளையைப் போல.
அதில் மனைவியின் ஒப்பந்தம்,
மனைவியின் சம்பளச் சீட்டு,
ஏரியடிச் சேற்றில் மனைவி கண்டறிந்ததைப் புகழும் கடிதம்.
அவன் பெயர் போட்ட தாள் ஒன்றே ஒன்று.
அதிலும் 'ஃபரங்கீஸின் கணவர்.'
ஓரத்தில் நீல மையில் யாரோ ஓர் அதிகாரி
அவன் போய்வரலாம் என்று கையெழுத்திட்டிருந்தார்.
ஓராண்டுக்குச் செல்லும்.

நம் இலக்கணத்தில் இதற்கு இடமுண்டு.
தானாய் ஒலிப்பது முதல்,
இன்னொன்றைப் பற்றிக்கொண்டு வருவது சார்பு.
குற்றியலுகரம் சொல்லின் கடைசியில் நிற்கும்,
உதடு குவியாமல், அரை மாத்திரை.
பின்னால் ஓர் உயிர் வந்தால்
சத்தமில்லாமல் இடத்தைக் காலி செய்துவிடும்.
ஆனாலும் அது இல்லாமல்
'வீடு' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

உள்ளே கைபேசி கூடாது.
எதிரே பழைய வேனில் ஹஸ்மிக் வாங்கிவைத்துக்கொள்கிறாள்.
ஐந்நூறு த்ராம், பதினேழாம் எண் போட்ட தகரவில்லை.
வில்லையைத் தந்த கையாலேயே வானத்தைக் காட்டினாள்:
அராராத், முழுசாய், பனித்தலையோடு.
"எங்கள் மலை. நிற்பது துருக்கியில். எல்லை மூடியிருக்கிறது.
பார்க்க மட்டும் விசா வேண்டாம், பார்த்துக்கொள்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது ஒரு பையன்
(பையன்தான், தாடி இன்னும் முடிவெடுக்கவில்லை).
நல்ல பார்சியில் கேட்டான்:
அங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இவன் தப்ரீஸில் பாலங்களுக்குப் பாரம் கணக்கிட்டவன்.
அங்கேயோ, வேலை அனுமதி அட்டை
வந்து சேர்வதும் காலாவதியாவதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில்.
பனி சுரண்டுகிறேன் என்று சொல்லலாமா?
தர்யாவின் பள்ளிப் பேருந்து
ஏழு இருபத்திரண்டுக்கு வரும் என்பதை?
"அவளோடு இருக்கிறேன்" என்றான்.
இரண்டே சொல்.
பையன் வெகுநேரம் தட்டச்சிக்கொண்டிருந்தான்.

வெள்ளைத் தாள் ஒன்று வந்தது. கூடுதல் சரிபார்ப்பு.
"இணையத்தில் 'மறுக்கப்பட்டது' என்று காட்டும்.
அது மறுப்பில்லை, கவலைப்படாதீர்கள்."
நாட்கணக்கா, மாதக்கணக்கா?
அதற்குப் பையனிடம் பார்சி இல்லை.

வாதுமைப் பழம் மலிந்து, அழுகி, சந்தையைவிட்டே போனது.
செவ்வாய்க்கிழமைகளில் காரணமில்லாமல் வேன் பக்கம் போவான்.
ஹஸ்மிக் நகர்ந்து உட்கார இடம் விடுவாள்.
மலை சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

ஃபரங்கீஸுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கிறான் இப்போது,
அவளுக்கு இன்னும் விடியாத காலையில்.
பதினைந்து வருட முகவரிகளை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
மாணவர் விடுதி, ராணுவச் சேவை முகாம்,
ஏரியைப் பார்த்த இரண்டாம் மாடி.
கடைசியில் இந்த அறை.
'எதுவரை' என்ற கட்டத்தில் பேனா நின்றபோது
கைபேசி அடித்தது.

"புகையுணரி அரை மணி நேரமாய்க் கத்துகிறது. தர்யா அழுகிறாள்.
பேட்டரி எங்கே?"

அவனுக்கும் கேட்டது,
நாற்பது வினாடிக்கொரு முறை, அந்தக் கீச்சு.
"மேல் அலமாரி. தேயிலைக்குப் பின்னால். சிவப்பு டப்பா.
நாற்காலியில் ஏறாதே, அதன் இடது கால் ஆடும்.
ஸ்டூலை எடு."

ஏதோ உருண்டது. ஏதோ திறந்தது.
கீச்சு நின்றது.

"கிடைத்துவிட்டது" என்றாள்.
இருவரும் கைபேசியை வைக்கவில்லை.